சம உரிமைக் குழுவில் பிரபாவதி

எங்கள் ஷூ கம்பெனித் தையல் லைனில் புரியாத விஷயத்துக்குத் தலையாட்டாத ஒரே ஆள் பிரபாவதிதான். ஆபீஸ்காரர் எது சொன்னாலும் நாங்கள் "ஆங் சார், ஆங் சார்" என்று சொல்லிவிட்டு, வெளியே வந்த பிறகு "இன்னாடி சொன்னாரு?" என்று ஒருத்தியை ஒருத்தி கேட்டுக்கொள்வோம். அவள் மட்டும் நின்ற இடத்திலேயே நின்று, "சார், எனக்குப் புரியல" என்பாள். அவர் திரும்பச் சொன்னால், "இப்பவும் புரியல சார்" என்பாள். பக்கத்தில் நிற்கிற எனக்குத்தான் மானம் போகும். இவ்வளவு பெரிய பொம்பளை பச்சைக் குழந்தை மாதிரி கேட்கிறாளே என்று அவள் இடுப்பில் கிள்ளியிருக்கிறேன். திரும்பி என்னைப் பார்த்து, "உனக்குப் புரிஞ்சுதா பிரேமாக்கா?" என்பாள். அதற்கு நான் என்னத்தைச் சொல்ல?

அவள் பிறந்தது திருவாலங்காட்டுப் பக்கம், கரும்பு வெட்டப் போகிற குடும்பம். கரும்புச் சோகை கிழித்த கீறல் இன்னும் இரண்டு கையிலும் இருக்கிறது. கல்யாணமாகித் திருத்தணிக்கு வந்தாள். புருஷன் டிராக்டர் ஓட்டுகிறான், நல்லவன், வாயில்லாதவன். பிள்ளைகள் உதயாவும் அபியும் பள்ளிக்கூடம் போன பிறகு இவளும் ஷூ கம்பெனிக்கு வந்து சேர்ந்தாள். முதல் நாள் மிஷின் முன்னால் உட்கார்ந்ததும் மேலே ஓடுகிற ஃபேனை அண்ணாந்து பார்த்து, "நிழல்ல வேலைக்கா" என்று சிரித்தாள். எனக்கு அவளைப் பிடித்துப்போனது அந்தச் சிரிப்பால்தான்.

கம்பெனி அரக்கோணம் ரோட்டில் இருக்கிறது. ஷூவின் மேல்பாகத்தைத் தைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். தோல் வெட்டுகிற கட்டிங் செக்‌ஷனில் ஆண்கள், தைக்கிற லைனில் முழுக்கப் பெண்கள். எங்கள் லைனில் நாற்பது பேர். நாற்பது பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு சிவப்பு டோக்கன். அது சூப்பர்வைசர் கஜபதியின் சட்டைப் பையில் இருக்கும். பாத்ரூம் போக வேண்டுமென்றால் எழுந்து போய் அவனிடம் கேட்டு வாங்கி, கழுத்தில் மாட்டிக்கொண்டு போக வேண்டும். போனவள் திரும்பினால்தான் அடுத்தவள் போகலாம். சும்மா கொடுத்துவிடுவானா? "இப்பதானே போன?" என்பான். "ஊட்ல போயிட்டு வர மாட்டியா?" என்பான். "இன்னா, மாசத் தேதியா?" என்று மிஷின் சத்தத்தையும் மீறி லைன் முழுக்கக் கேட்கிற மாதிரி கேட்பான், பாவி. அவன் வாயில் விழுவதற்குப் பதில் தண்ணீர் குடிக்காமலே இருந்துவிடலாம் என்று எல்லோரும் பழகிவிட்டோம். காலையில் டீ கூட அரை டம்ளர்தான். லைன் ஓரத்தில் வைத்திருக்கிற தண்ணீர் கேன் சாயங்காலம் வரைக்கும் அப்படியே இருக்கும்.

பிரபாவதிக்கு இதுவும் புரியவில்லை.

"கரும்புக் கொல்லையில கதவே கிடையாது, ஆனா யாரையும் கேக்க வேணாம். இங்க டைல்ஸ் போட்டு கதவு வெச்சிருக்கான், கேட்டுட்டுதான் போவணும்ங்கறான். எதுக்கு கதவு வெச்சாங்க அப்ப?"

"வாய மூடிகினு தைடி" என்றேன்.

போன வருஷம் ஒரு நாள் ஆபீஸிலிருந்து வேதாசலம் சார் கேமராக்காரனோடு வந்தார். ஆட்களைச் சேர்ப்பது, நிறுத்துவது, லீவு எல்லாம் அவர் கையில். நம் சரக்கை வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்கள் குழுக்கள் அமைக்கச் சொல்லியிருக்கிறார்களாம். பாதுகாப்புக் குழு, ஆரோக்கியக் குழு, பணிக் குழு, சம உரிமைக் குழு. குழுவுக்கு ஒரு ஆள், ஆளுக்கு ஒரு போட்டோ, போட்டோவுக்கு ஒரு போர்டு. வரிசையில் முன்னால் நின்ற என் தலையில் ஒரு ஹெல்மெட்டைக் கவிழ்த்து நீதான் பாதுகாப்பு என்றார்கள். ஷூ தைக்கிறவளுக்கு ஹெல்மெட் எதற்கு என்று நான் கேட்கவில்லை. முதலுதவிப் பெட்டி வைத்திருக்கிற கௌதமன் ஆரோக்கியம். கஜபதி பணி. மிச்சம் இருந்த சம உரிமை பிரபாவதிக்கு வந்தது.

"அப்படின்னா இன்னா சார்?" என்று கேட்டாள்.

"எல்லாரும் சமம்னு அர்த்தம்மா. கைய கும்பிட்டுகினு நில்லு."

"யாருக்கு யாரு சமம் சார்?"

கேமராக்காரன் சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்பிலேயே போட்டோ எடுத்து முடித்துவிட்டார்கள். அவளுடைய போர்டை நுழைவாசலில் மாட்டினார்கள். மற்றவை உள்ளே எங்கெங்கேயோ. என்னுடையது ஜெனரேட்டர் ரூமில்.

அந்த போர்டால் வந்த கூத்தைச் சொல்லியே ஆக வேண்டும். ஆயுத பூஜை அன்று கம்பெனியில் மிஷின், தராசு, கதவு, ஸ்விட்ச் பெட்டி என்று ஒன்று விடாமல் சந்தனம் குங்குமம் வைத்துப் பூப் போட்டார்கள். போர்டை மட்டும் விடுவானேன் என்று யாரோ ஒரு புண்ணியவான் பிரபாவதியின் போட்டோ நெற்றியில் குங்குமம் வைத்து, மாலை போட்டு, கீழே ஒரு விளக்கும் ஏற்றிவிட்டான். அவள் அன்றைக்கு லீவு. வீட்டில் புருஷனோடு சேர்ந்து டிராக்டரைக் கழுவிக்கொண்டிருந்தாள். தினமும் எங்களை ஏற்றிவருகிற வேனைப் பூஜைக்கு ஓட்டிக்கொண்டு வந்த டிரைவர் பக்தவச்சலம் வாசலில் அந்தப் படத்தைப் பார்த்தார். காலையில் வேனுக்கும் அவள் வரவில்லை. எழுத்தை யார் படிக்கப் போகிறார்கள்? கும்பிட்ட கை, மாலை, விளக்கு. நம் ஊரில் அதற்கு வேறு என்ன அர்த்தம்? யாரிடமும் கேட்க வாய் வராமல், ஆர்.கே.பேட்டையில் தன் தெருவிலேயே இருக்கிற அவளுடைய நாத்தனார் குப்பம்மாளுக்கு போன் போட்டுவிட்டார்.

குப்பம்மாள் சொந்தக்காரர்களைத் திரட்டிக்கொண்டு, பெரிய ரோஜா மாலையோடு டவுன் பஸ் ஏறி வந்தாள். தெருமுனையிலேயே மாரில் அடித்துக்கொள்ள ஆரம்பித்துவிட்டாள். சத்தம் கேட்டு, கையில் தேய்க்கிற பிரஷோடு, முட்டி வரை சேலையைச் சொருகிக்கொண்டு பிரபாவதி வெளியே வந்தாள்.

"யாரு செத்தாங்க அண்ணி?"

"நீதான்டி!"

"நானா? எப்ப?"

குப்பம்மாள் அவளைக் கட்டிப்பிடித்து அழுதாள். பிறகு அதே கையால் முதுகில் ஒன்று வைத்தாள். "உயிரோட இருக்கிறவளுக்கு எதுக்குடி படம் வெச்சி மாலை போடறான்?"

"சம உரிமையாம் அண்ணி."

"அப்படின்னா?"

"அதான் எனக்கும் தெரியல. கேட்டா சிரிக்கிறாங்க."

கொண்டுவந்த மாலையைக் கடைசியில் டிராக்டருக்குப் போட்டார்கள். சாவு மாலை, ஆகாது என்று குப்பம்மாள் கத்தியிருக்கிறாள். யாருமே சாகலியே அண்ணி என்று இவள் கேட்டாளாம். மறுநாள் வேனில் இதைக் கேட்டு எங்களுக்கு வயிறு புண்ணாகிவிட்டது. இவள் மட்டும் சிரிக்காமல் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். "ஏன்கா, நெஜமாவே அதுக்கு இன்னாதான் அர்த்தம்?" என்று என்னைக் கேட்டாள். எனக்குத் தெரிந்தால்தானே.

அதுவரை வேடிக்கைதான். மோனிகா விஷயத்துக்குப் பிறகுதான் வேடிக்கை போனது.

மோனிகா ஆந்திரா பார்டரை ஒட்டின ஊர்ப் பெண். வீட்டில் தெலுங்கு. பிளஸ் டூ முடித்த கையோடு வந்து பிரபாவதிக்குப் பக்கத்து மிஷினில் உட்கார்ந்தவள். அவள் அப்பா பங்காருவுக்கு முதுகு போய்விட்டது. கூலி வேலைக்குப் போக முடியாது. மோனிகா சம்பாத்தியத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது. கூச்ச சுபாவம். கஜபதியிடம் போய் டோக்கன் கேட்பதற்குப் பதில் உட்கார்ந்த இடத்திலேயே செத்துப்போவாள், அப்படி ஒரு பெண். வந்த கொஞ்ச நாளிலேயே நீர்க்கடுப்பு. அப்புறம் குளிர் ஜுரம். குறைந்து, மறுபடி வந்து, ஒரு நாள் மிஷின் மேலேயே சாய்ந்துவிட்டாள். பிரபாவதிதான் ஆட்டோவில் ஏற்றித் திருத்தணி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள்.

டாக்டரம்மா நன்றாகத் திட்டியிருக்கிறாள். "தண்ணி நெறைய குடிக்கணும். வந்தா அடக்கவே கூடாது. இன்னொரு வாட்டி இப்படியே வந்தா கிட்னில போய் உக்காந்துக்கும், அப்புறம் என்கிட்ட அழாதே."

"கம்பெனில விட மாட்டாங்க மேடம்" என்று மோனிகா அழுதிருக்கிறாள்.

பங்காரு ஆஸ்பத்திரி வாசலில் பிரபாவதியின் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ ஏதோ உரிமையில இருக்கிறியாமேம்மா. பாப்பா சொல்லிச்சு. வேலையும் போவக் கூடாது, பொண்ணும் போவக் கூடாது. ஏதாவது பண்ணும்மா."

"ஆங் நைனா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். வாழ்க்கையில் புரியாமல் அவள் தலையாட்டியது அந்த ஒரு தடவைதான் என்று நினைக்கிறேன்.

மறுநாள் நேரே வேதாசலம் சாரிடம் போனாள். சம உரிமையில் ஒரு புகார், டோக்கனை எடுத்துவிட வேண்டும் என்றாள். அவர் கோபப்படவில்லை. பாத்ரூம் விஷயம் ஆரோக்கியக் குழுவுக்கு வரும், கௌதமனைப் பார் என்றார். கௌதமனிடம் தலைவலி மாத்திரை தவிர ஒன்றும் கிடையாது. "டோக்கன் குடுக்கறது புரொடக்‌ஷன்கா. பணிக் குழுவுல சொல்லு" என்றான். பணிக் குழு யார்? கஜபதி! அவனிடமே போய் நின்றாள், கொஞ்சமும் யோசிக்காமல். அவன் லைனைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "நாப்பது பேரும் பாத்ரூம்ல உக்காந்திருக்கும்போது தீப்பிடிச்சா யாரு எங்கன்னு நான் எப்படி கணக்கெடுக்கறது? அது பாதுகாப்பு. பிரேமாகிட்ட கேளு" என்றான்.

சாப்பாட்டு நேரத்தில் டிபன் பாக்ஸோடு என் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"நீ இன்னா சொல்ற பிரேமாக்கா?"

"நான் இன்னாத்த சொல்றது? ஹெல்மெட்ட மாட்டி போட்டோ புடிச்சான், நின்னேன். அவ்ளோதான்டி தாயே. போய் சம உரிமையில கேளு."

"அது நான்தானே."

"ஆங். நீதான்."

டிபன் பாக்ஸை மூடினாள். பிறகு எழுந்து கட்டிங் செக்‌ஷனுக்குப் போனாள். அங்கே தோல் வெட்டுகிற எழிலன் வாசலில் பீடி பிடித்துக்கொண்டிருந்தான். "உங்க செக்‌ஷன்ல டோக்கன் யாருகிட்ட இருக்குது?" என்று கேட்டாள்.

"எங்களுக்கு எதுக்குக்கா டோக்கன்? போவோம், வருவோம்."

திரும்பி வந்து, "அவங்க மட்டும் போறாங்க வர்றாங்க. தீப்பிடிச்சா அவங்கள யாரு கணக்கெடுப்பா?" என்று என்னைக் கேட்டாள். எனக்கு ஏனோ கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கோபத்தில்தான். இத்தனை வருஷம் அந்தச் சிவப்பு டோக்கனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போய் வந்திருக்கிறேன், இந்தக் கேள்வி ஒரு நாளும் எனக்குத் தோன்றவில்லையே!

மோனிகா திரும்பவும் வேலைக்கு வந்தாள். இனி ஒரு நாள் லீவு போட்டாலும் வர வேண்டாம் என்று கஜபதி சொல்லிவிட்டான். பிரபாவதி அவளைக் கண்டித்துத் தண்ணீர் குடிக்க வைத்தாள். அவளுக்குப் பதிலாக இவளே போய் டோக்கன் கேட்டு வாங்கி அவள் கழுத்தில் மாட்டிவிட்டாள். கஜபதி கத்துவான், இவள் நின்று கேட்டுக்கொள்வாள். தன் முறை எல்லாம் அந்தப் பெண்ணுக்குப் போக, இவள் முழு நாளும் அடக்கிக்கொண்டிருந்தாள். அப்படித்தான் சில மாதம் ஓடியது.

பிறகு வெளிநாட்டிலிருந்து பார்வையிட வருகிறார்கள் என்று சேதி வந்தது. வந்து சேர்ந்த தேதி எது தெரியுமா? ஆடிக் கிருத்திகை! எந்த ஊரில் உட்கார்ந்து எந்த மகராசன் குறித்தானோ. ஊரே காவடி எடுத்துக்கொண்டு மலை ஏறும்போது நாங்கள் மட்டும் புது கோட்டும் மாஸ்க்கும் போட்டுக்கொண்டு மிஷினில் உட்கார்ந்திருந்தோம். பிரபாவதிக்கு முதல் நாளே பாடம் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். என்ன கேட்டாலும், "இங்க எல்லாரும் சமம். எந்தக் குறையும் இல்ல" என்று சொல்ல வேண்டும்.

அன்றைக்கு டோக்கனைக் கண்ணிலேயே காட்டவில்லை. அதற்குப் பதில் பாத்ரூமை ஃபினாயில் போட்டுக் கழுவி, காய வைத்து, பூட்டி, சாவியைக் கஜபதி வைத்துக்கொண்டான். வருகிறவர்கள் பார்க்கும்போது ஒரு சொட்டு ஈரம் இருக்கக் கூடாதாம். அவர்கள் பார்த்துவிட்டுப் போன பிறகு யார் வேண்டுமானாலும் போகலாம்.

காலையிலேயே வர வேண்டியவர்கள் வரவில்லை. ரோடு முழுக்கக் காவடி, பம்பை, சனம். கார் நகர முடியாமல் எங்கேயோ மாட்டிக்கொண்டது. எங்களுக்கு ஒன்றுமில்லை, நாங்கள் வறண்ட கட்டைகள். மோனிகாதான் டாக்டர் சொன்னபடி காலையிலேயே ஒரு பாட்டில் தண்ணீரைக் குடித்துவிட்டு வந்திருந்தாள். சாப்பாட்டு மணிக்கு முன்பே முகம் வெளுத்துவிட்டது. பிரபாவதி இரண்டு தடவை எழுந்து போய்க் கஜபதியிடம் கேட்டாள். "வந்துட்டாங்க, வந்துட்டாங்க, பத்து நிமிஷம்" என்று இரண்டு தடவையும் துரத்திவிட்டான். வெளியே மரத்தடிக்குப் போகலாம் என்றால் கேட்டில் செக்யூரிட்டி விடவில்லை.

ஒருவழியாகக் கார் வந்தது. ஒரு வெள்ளைக்கார அம்மா, கூட ஒரு வெள்ளைக்காரர், அவர்கள் பேச்சைத் தமிழில் மாற்றிச் சொல்ல சென்னையிலிருந்து ஒரு பெண். இறங்கியதும் மூன்று பேரும் மாடியில் ஆபீஸ் பாத்ரூமுக்குப் போனார்கள். மேனேஜரும் போனார். சாப்பிட்டார்கள். அப்புறம்தான் எங்கள் லைனுக்கு வந்தார்கள். நேரே பிரபாவதியிடம்.

மிஷின்களை நிறுத்தச் சொன்னார்கள். வெள்ளைக்கார அம்மா ஏதோ கேட்டாள். சென்னைப் பெண் அதைத் தமிழில் சொன்னாள். "நீங்கதான் சம உரிமைக் குழுவாமே. இங்க எல்லாருக்கும் சம உரிமை இருக்குதான்னு கேக்கறாங்க."

பிரபாவதி மோனிகாவைத் திரும்பிப் பார்த்தாள். மோனிகா மிஷினைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக் கண்ணை மூடியிருந்தாள். வேதாசலம் சார் இவளைப் பார்த்து மெல்லத் தலையசைத்தார், சொல்லு சொல்லு என்று.

"எனக்குப் புரியலம்மா" என்றாள் பிரபாவதி.

நான் மனசுக்குள் தலையில் அடித்துக்கொண்டேன்.

"போட்டோ புடிச்சதுலருந்து கேட்டுகினு இருக்கறேன், யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க. நீங்க படிச்சவங்க, நீங்களாவது சொல்லுங்க. நீங்க கார விட்டு எறங்கினதும் பாத்ரூம் போனீங்க. மேனேஜர் சார் போனாரு. கஜபதி சாரும் போயிட்டு வந்தாரு. கட்டிங்ல ஆம்பளைங்க காலைலருந்து போறாங்க வர்றாங்க. யாரையும் யாரும் கேக்கல. இந்தப் பொண்ணுக்கு ஒடம்பு சரியில்ல, அடக்கினா கிட்னி போயிடும்னு டாக்டர் சொல்லிட்டாங்க. காலைலருந்து கேக்கறோம், பூட்டி வெச்சிருக்காங்க. நீங்க பாக்கறதுக்காம். எல்லாரும் சமம்னா இவ மட்டும் ஏன் போவக் கூடாது? அத கேட்டு சொல்லும்மா. எனக்கு அதான் புரியல."

சென்னைப் பெண் மேனேஜரைப் பார்த்தாள். வெள்ளைக்கார அம்மா அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். மேனேஜர் குறுக்கே வந்து இங்கிலீஷில் ஏதோ சிரித்துச் சமாளித்தார். அந்த அம்மா அவரைக் கையால் நிறுத்திவிட்டு, சென்னைப் பெண்ணிடம் மறுபடி கேட்டாள். அந்தப் பெண் சொல்ல ஆரம்பித்தாள். முதலில் மெதுவாக, பிறகு நிறுத்தாமல், எல்லாவற்றையும் சொன்னாள் என்றுதான் நினைக்கிறேன். ஏனென்றால் அந்த அம்மாவின் கழுத்தெல்லாம் சிவந்துவிட்டது.

மேனேஜர் கஜபதியைப் பார்த்து உறுமினார். கஜபதி ஓடினான். பாத்ரூம் கதவைத் திறந்துவிட்டு, மூச்சு வாங்கத் திரும்பி வந்து, இத்தனை வருஷத்தில் நாங்கள் கேட்டே இராத குரலில், "போம்மா மோனிகா, தொறந்துட்டேன், போ" என்றான்.

மோனிகா எழுந்திருக்கவில்லை. தலை குனிந்தே இருந்தது.

"போடி கண்ணு" என்று பிரபாவதி அவள் தோளைத் தொட்டாள்.

"இனிமே வேணாம்க்கா" என்றாள் மோனிகா.

அவள் ஸ்டூலுக்குக் கீழே, வருகிறவர்களுக்காகக் கழுவித் துடைத்து வைத்திருந்த தரை நனைந்திருந்தது. பிரபாவதி தன் புதுக் கோட்டைக் கழற்றினாள். மோனிகாவை எழுப்பி நிறுத்தி, அதை அவள் இடுப்பைச் சுற்றிக் கட்டி முடிச்சுப் போட்டாள். அவளைத் தன் மேல் சாய்த்துக்கொண்டு, சென்னைப் பெண்ணைத் திரும்பிப் பார்த்தாள்.

"இதையும் அவங்களுக்கு சொல்லும்மா" என்றாள்.